மூன்று படிகளும் ஒரு குடிமகனும்
(இங்கிலாந்தின் கவுண்டி மன்ற வரலாறு)

1974-ஆம் ஆண்டுச் சீரமைப்புக்குப் பின், இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் வீட்டு வாசலிலிருந்து குப்பையை அள்ளிச் செல்வது ஒரு மன்றத்தின் கடமையாகவும், அள்ளிய குப்பையைக் கொண்டுபோய் ஒழிப்பது வேறொரு மன்றத்தின் கடமையாகவும் அமைந்தது. அள்ளுவது மாவட்ட மன்றம். ஒழிப்பது கவுண்டி மன்றம். வரி செலுத்தும் குடிமகனுக்கோ குப்பை ஒன்றே. அது அகற்றப்படவில்லையெனில் அவன் எவர் கதவைத் தட்டுவது? நகைப்புக்குரியதாகத் தோன்றும் இவ்வினாவுக்குப் பின்னால் நூறாண்டு வரலாறு மறைந்துகிடக்கிறது.

கவுண்டி என்பது பல நகரங்களையும் சிற்றூர்களையும் தன்னுள் அடக்கிய தொன்மையான நாட்டுப் பிரிவு. அதனுள் அடங்குவது மாவட்டம். மாவட்டத்தினுள் அடங்குவது பாரிஷ். ஒரு தேவாலயத்தைச் சுற்றி அமைந்த ஊர் என்பது அதன் பழம் பொருள். 1888-க்கு முன்னர் கவுண்டியை ஆண்டவர்கள் சமாதான நீதிபதிகளே. அவர்களை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை. அரசரின் பெயரால் நியமனம் பெற்ற நிலக்கிழார்களான அவர்கள், ஆண்டுக்கு நான்கு முறை கூடி, பாலம், சிறைச்சாலை, மனநோயர் இல்லம் ஆகியவற்றை மேற்பார்த்தனர்; அவற்றுக்கான வரியையும் விதித்தனர். 1884-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் பண்ணைத் தொழிலாளர் பலருக்கு நாடாளுமன்ற வாக்குரிமையை வழங்கியிருந்தது. பேரரசை ஆளும் மன்றத்துக்கு உறுப்பினரை அனுப்ப உரிமை பெற்றவன், தன் ஊர்ப் பாலத்தைப் பழுதுபார்ப்பது குறித்து ஒரு சொல்லும் சொல்ல இயலாதவனாக இருந்தான். இம்முரண்பாடு நீடிக்க இயலுமா?

சால்ஸ்பரி பிரபுவின் அரசு 1888-இல் இயற்றிய உள்ளாட்சிச் சட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுண்டி மன்றங்களைத் தோற்றுவித்தது. 1889 சனவரியில் முதல் தேர்தல்கள் நடந்தன. எனினும் பழைய நிலக்கிழார்களே பல கவுண்டிகளில் புதிய நாற்காலிகளிலும் அமர்ந்தனர். அதில் வியப்பில்லை. கூட்டங்கள் தலைநகரில் பகல் வேளையில் நடைபெற்றன. உறுப்பினருக்கு ஊதியம் இல்லை. ஒரு நாள் கூலியை இழந்து, தொலைவிலுள்ள நகருக்குச் செல்ல எந்தத் தொழிலாளியால் முடியும்? பெண்களின் நிலை அதனினும் இரங்கத்தக்கது. அவ்வாண்டு இலண்டன் கவுண்டி மன்றத்துக்கு ஜேன் காப்டன், சேன்ட்ஹர்ஸ்ட் சீமாட்டி என்னும் இருவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். தோற்ற வேட்பாளர் வழக்குத் தொடுத்ததும் நீதிமன்றம் சீமாட்டியின் இடத்தைப் பறித்து அவருக்கே அளித்தது. வரி செலுத்தும் மணமாகாப் பெண் வாக்களிக்கலாம். வாக்குப் பெற்று அமரக் கூடாது! கவுண்டி மன்றங்களில் பெண்கள் அமரும் உரிமையைச் சட்டம் வழங்கியது 1907-இல்தான்.

குடிமகனுக்கும் கவுண்டிக்கும் இடையே படிகளை அமைத்தது 1894-ஆம் ஆண்டுச் சட்டம். நகர மாவட்டங்களும் ஊரக மாவட்டங்களும் பாரிஷ் மன்றங்களும் அதனால் உருப்பெற்றன. இச்சட்டத்தின் சிறு விதிகளை ஊன்றிப் படிப்போர், அவற்றை வரைந்தவர்களின் மனத்தை அறிந்துகொள்வர். பாரிஷ் கூட்டம் மாலை ஆறு மணிக்கு முன் தொடங்கலாகாது என்பது ஒரு விதி. வயலில் உழைப்பவன் வேலை முடிந்து வந்து பேச வேண்டும் என்பதே அதன் கருத்து. வேறு இடம் கிடைக்குமாயின் மதுக்கடையில் கூட்டம் நடத்தக் கூடாது என்பது இன்னொன்று. மணமான பெண்களும் இம்மன்றங்களுக்கு வாக்களிக்கவும் போட்டியிடவும் வழி திறந்தது.

இவற்றினும் சிறப்பானவை மேல்முறையீட்டு விதிகள். ஊரக மாவட்ட மன்றம் போதிய குடிநீர் வசதி செய்யவில்லை, கழிவுநீர்க் கால்வாய் அமைக்கவில்லை என்றால், பாரிஷ் மன்றம் கவுண்டி மன்றத்திடம் முறையிடலாம். கவுண்டி விசாரித்து, குறை உண்மையெனக் கண்டால், மாவட்டத்தின் அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொண்டு அப்பணியை முடிக்கலாம். தொழிலாளர் காய்கறி பயிரிடத் துண்டு நிலம் வேண்டி, நிலக்கிழார் தர மறுத்தாலும் இவ்வழியே செல்லலாம். கவுண்டி மறுத்தால் நடுவண் அரசின் உள்ளாட்சி வாரியத்தை நாடலாம். தனியொருவனாக நிலக்கிழாரின் மாளிகை முன் தொப்பியைக் கழற்றி நின்றவன், இப்போது ஊரின் பெயரால் எழுதப்பட்ட ஒரு மனுவாக நிற்க முடிந்தது. கவுண்டியின் பணியைப் படிப்படியாகச் சென்று பெறும் முறைக்கு இதுவே அடித்தளம் எனலாம்.

ஆயினும் அப்படிகளில் ஏற, கீழ்ப்படி உறுதியாக இருத்தல் வேண்டுமன்றோ? பாரிஷ் மன்றத்தின் பணப்பை மிகச் சிறியது. வரி மதிப்பில் பவுனுக்கு மூன்று பென்சுக்கு மேல் செலவிட ஊர்க்கூட்டத்தின் இசைவு தேவை. அவ்விசைவு கிடைத்தாலும் ஆறு பென்சே எல்லை. அந்த ஊர்க்கூட்டத்திலேயே நிலக்கிழாரும், பாதிரியாரும், அவர்களிடம் கூலி பெறுவோரும் ஒன்றாக அமர்ந்திருந்தனர் என்பதையும் மறந்துவிடலாகாது.

இருபதாம் நூற்றாண்டு, அதிகாரத்தை மேல்நோக்கியே இழுத்தது. 1902-இல் பள்ளி வாரியங்கள் ஒழிக்கப்பட்டு, கல்வி கவுண்டிகளிடமும் பெருநகரங்களிடமும் சென்றது. 1929-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழையர் காப்பாளர் வாரியங்களைக் கலைத்தது. அவற்றின் பொறுப்பும் ஊரகச் சாலைகளும் கவுண்டியின் கைக்கு வந்தன. உழைப்பில்லங்களின் கொடுமையை அறிந்தவர் அவ்வாரியங்களுக்காகக் கண்ணீர் வடிக்க மாட்டார். ஆனால் உதவி கேட்போர் அறிந்திருந்த உள்ளூர் முகங்களும் அவற்றோடு மறையத் தொடங்கின. சேவை வளர்ந்தது, அதை வழங்கும் இடமோ தொலைவாயிற்று.

அத்தொலைவைக் குறைக்கச் சில நல்லுள்ளங்கள் முயன்றன. 1919-ஆம் ஆண்டு நூலகச் சட்டம் கவுண்டி மன்றங்களுக்கு நூலகம் நடத்தும் உரிமையை வழங்கியபின், புத்தகப் பெட்டிகள் சிற்றூர்ப் பள்ளிகளுக்குப் பயணம் செய்தன. ஆசிரியரே நூலகராகவும் விளங்கினார். கேம்பிரிட்ஜ்ஷயர் கவுண்டியின் கல்வி அதிகாரி ஹென்றி மோரிஸ் இன்னும் ஒரு படி மேலே சென்றார். பள்ளி, நூலகம், முதியோர் வகுப்பு, ஊர்மண்டபம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கவேண்டுமென 1924-இல் அவர் ஒரு திட்டம் வரைந்தார். 1930-இல் சாஸ்டன் என்னும் ஊரில் முதல் கிராமக் கல்லூரி திறக்கப்பட்டது. பகலில் பிள்ளையும் மாலையில் தந்தையும் ஒரே வாயிலில் நுழைந்தனர். எந்த மன்றத்தின் எந்தத் துறை என்று அவர்கள் கேட்கவேண்டிய தேவை எழவில்லை. கவுண்டி மன்ற வரலாற்றில் இதனினும் ஒளிமிக்க பக்கம் வேறில்லை.

படிகளே வேண்டாம் என்ற குரலும் எழுந்தது. ரெட்கிளிஃப்-மாட் தலைமையிலான அரச ஆணையம் 1969-இல், பெருநகரப் பகுதிகள் நீங்கலாகப் பெரும்பாலான இடங்களில் எல்லாப் பணிகளையும் ஒரே மன்றம் செய்யவேண்டுமெனப் பரிந்துரைத்தது. மறு ஆண்டு ஆட்சிக்கு வந்த கட்சி அதனை ஏற்கவில்லை. 1972-இல் இயற்றப்பட்டு 1974 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த சட்டம் இரண்டு படிகளை நாடெங்கும் நிலைநாட்டியது. பெருநகரங்களுக்கு வெளியே கல்வி, சமூக நலம், சாலை, நூலகம் கவுண்டிக்கு. வீட்டுவசதியும் குப்பை அள்ளுதலும் மாவட்டத்துக்கு. மதிப்பீட்டு வரியைத் திரட்டுவது மாவட்டம். அதில் பெரும்பகுதியைச் செலவிடுவது கவுண்டி. எனவே பணம் கட்டிய இடத்தில் கேள்வி கேட்டவன், பதில் வேறிடத்தில் இருப்பதைக் கண்டான்.

குறை கேட்க உள்ளாட்சி நிர்வாக ஆணையர் பதவி 1974-இல் உருவாக்கப்பட்டது. அங்கும் ஒரு படி வைத்தார்கள்! முறையீடு மன்ற உறுப்பினர் ஒருவர் வழியாகவே செல்லவேண்டும் என்பது விதி. மன்றத்தின் மீதான குறையை மன்ற உறுப்பினரிடமே கொடுத்து அனுப்பும் அந்த விநோதம் 1988 வரை நீடித்தது. அதன்பின்னரே மக்கள் நேரே எழுத முடிந்தது.

இப்பிரிவினை எவ்வளவு தூரம் சென்று மனிதரைத் தாக்கும் என்பதற்கு 1994-ஆம் ஆண்டு வழக்கொன்று சான்று. ஏவன் கவுண்டியில் சிறு பிள்ளைகளுடன் ஒரு குடும்பம் வீடிழந்து நின்றது. வீட்டுவசதி நார்த்ஏவன் மாவட்டத்தின் பொறுப்பு. தம் செயலால்தான் வீடிழந்தார்கள் என்று கூறி, நிலையான வீடு தரும் கடமை தனக்கில்லை என்றது மாவட்டம். பிள்ளைகளின் நலம் கவுண்டியின் பொறுப்பு. வீடு கொடுத்து உதவுமாறு சிறுவர் சட்டத்தின் கீழ் கவுண்டி மாவட்டத்தைக் கேட்டது; மாவட்டம் மறுத்தது. வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. ஒரு மன்றம் கேட்டதற்காக இன்னொரு மன்றம் தன் கடமையின் எல்லையை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை என்று தீர்ப்பாயிற்று. சட்டத்தின் சொற்களைப் பார்த்தால் தீர்ப்பில் குறை காண்பது எளிதன்று. ஆனால் பிள்ளைகளைக் காக்கும் கடமையுடைய மன்றத்திடம் வீடில்லை. வீடுடைய மன்றத்திடம் அக்கடமையில்லை. இரண்டு மன்றங்களுக்கும் வாக்களித்தவர் ஒரே மக்களே.

பிரிட்டனிடமிருந்து உள்ளாட்சி முறையைப் பெற்ற மலேசியாவின் கதை வேறு திசையில் சென்றது. ஜார்ஜ் டவுனில் 1951-இல் தொடங்கிய உள்ளாட்சித் தேர்தல்கள், இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், 1965-இல் நிறுத்தப்பட்டன. அவ்வாண்டு அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்குத் தலைமையேற்றவர் ஆதி நாகப்பன் என்னும் தமிழர். உறுப்பினர்கள் தேர்தல் வழியே வரவேண்டும் என்பது அவ்வாணையத்தின் பரிந்துரை. அது ஏற்கப்படவில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரே படியையும் நியமன உறுப்பினரையும் நிலைநாட்டியது. அங்கே மன்றம் எதுவென்பதில் குழப்பமில்லை, வாக்குச்சீட்டுத்தான் இல்லை.

இங்கிலாந்திலோ படிகள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டு வருகின்றன. 1986-இல் பெருநகரக் கவுண்டி மன்றங்கள் ஒழிந்தன. 2009-இல் கார்ன்வால், டர்ஹம், வில்ட்ஷயர் முதலிய கவுண்டிகளில் மாவட்ட மன்றங்கள் கலைக்கப்பட்டன. 2023-இல் வடயார்க்‌ஷயரும் சாமர்செட்டும் அவ்வழியே சென்றன. எஞ்சிய இரு படி முறையையும் முடிவுக்குக் கொண்டுவர 2024 டிசம்பர் வெள்ளை அறிக்கை முன்மொழிந்தது. கார்ன்வாலில் ஆறு மாவட்ட மன்றங்களின் இடத்தையும் கவுண்டியின் இடத்தையும் ஒரே மன்றம் ஏற்றது. பின்னர் அம்மன்றம் நூலகங்கள் பலவற்றையும் பொதுக் கழிப்பறைகளையும் அந்தந்த ஊரின் நகர, பாரிஷ் மன்றங்களிடம் ஒப்படைத்தது. மாலை ஆறு மணிக்கு முன் பாரிஷ் கூட்டம் தொடங்கலாகாது என்ற விதியை 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் மாற்றாமல் வைத்திருந்தது.