உப்புத் தண்ணீரும் முட்டையும்

நூற்றாண்டு மலருக்காக நமது பாடசாலையின் விஞ்ஞானக் கல்வி வரலாற்றை எழுதித் தருமாறு சங்கத்தினர் கேட்டனர். ஆய்வுகூடம் திறக்கப்பட்ட வைபவம், அதிதிகள், நினைவுக்கல் பற்றியெல்லாம் வேறு பக்கங்களில் வாசிப்பீர்கள். ஆய்வுகூடம் இல்லாத காலத்தில் நாங்கள் பௌதிகவியல் படித்த விதத்தையே நான் எழுத விரும்புகிறேன். பாலமுனையிலிருந்து பஸ்ஸேறி வந்து இங்கே படித்தவள், பின்னர் இங்கேயே படிப்பித்தவள் என்ற இரண்டு உரிமையும் எனக்கு உண்டு.

1972இல் நான் ஆறாம் வகுப்பு. அந்த ஆண்டுதான் நாட்டின் கல்வித் திட்டம் மாறியது. ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றிணைந்த விஞ்ஞானம் கட்டாய பாடம். முடிவில் என்.சி.ஜீ.ஈ. என்று எல்லோரும் சொன்ன புதிய பரீட்சை. 1975இல் அதை எழுதிய முதல் தொகுதி நாங்கள். 1977இல் ஆட்சி மாறிய பின்னர் க.பொ.த. சாதாரண தரம் திரும்பி வந்தது, என்.சி.ஜீ.ஈ. போயிற்று, விஞ்ஞானம் போகவில்லை. இந்த மாற்றம் பெண்பிள்ளைகளுக்கு என்ன தந்தது என்பதை என் ராத்தாவின் பழைய கொப்பிகளைப் பார்த்தபோதுதான் விளங்கிக்கொண்டேன். அவர் என்னிலும் ஆறு வயது மூத்தவர். சுகாதாரம், மனையியல், தையல் எல்லாம் அழகான எழுத்தில் இருந்தன. நெம்புகோல் பற்றி ஒரு வரி இல்லை. தினமும் துலாவில் தண்ணீர் அள்ளியவர் அவர்.

பாடம் வந்துவிட்டது, உபகரணம் வரவில்லை. எங்கள் டீச்சர் ஒரு பிரம்புக் கூடையோடு வகுப்புக்கு வருவார். ஜாம் போத்தல், சைக்கிள் டியூப், நூல்கட்டை, எரிந்துபோன பல்ப், டோர்ச் பற்றரி. இது எங்கள் ஊரின் இல்லாமை என்றுதான் அப்போது நினைத்தோம். பின்னாளில் ஆசிரியர் கலாசாலையில் யுனெஸ்கோ வெளியிட்ட விஞ்ஞானம் கற்பித்தலுக்கான மூலநூலைப் புரட்டியபோது அந்தக் கூடை அப்படியே கண்முன் வந்தது. உலக யுத்தத்தில் பாடசாலைகள் அழிந்து கிடந்த நாடுகளின் ஆசிரியர்களுக்காக ஸ்டீபன்சன் என்ற லண்டன் ஆசிரியர் எழுதிய சிறு கைந்நூலை யுனெஸ்கோ 1948இல் வெளியிட்டது. அது வளர்ந்து 1956இல் பெரிய நூலானது. தகரப் பேணியும் போத்தலும் கொண்டு செய்யும் பரிசோதனைகள் நூற்றுக்கணக்கில் அதில் உண்டு.

எங்கள் வகுப்பு கிடுகுக் கூரை. ஓட்டைகள் வழியே நிலத்தில் வட்ட வட்டமாக வெயில் விழும். "ஓட்டை எல்லாம் கோணல். வெளிச்சம் மட்டும் ஏன் வட்டம்?" என்று டீச்சர் கேட்டார். ஒருவருக்கும் பதில் இல்லை. அவை ஓட்டையின் உருவம் அல்ல, சூரியனின் விம்பங்கள். பஸ்ராவில் பிறந்த இப்னு ஹைதம் ஆயிரம் வருடங்களுக்கு முன்னரே இருட்டறையும் சிறு துளையும் வைத்து ஒளியை ஆராய்ந்தார் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன். 2010 ஜனவரி 15, வெள்ளிக்கிழமை, யாழ்ப்பாணத்தில் வளையக் கிரகணம் தெரிந்த பகல், எங்கள் வளவு வேம்பின் நிழலில் நூற்றுக்கணக்கான பிறைகள் கிடந்தன. ஜும்ஆ முடிந்து வந்த தம்பி மிதிக்கப் பயந்து ஒதுங்கி நடந்தான்.

சொற்களிலும் ஒரு சிக்கல் இருந்தது. நாம் திணிவு, நிறை என்று படித்ததை இந்திய நூல்கள் நிறை, எடை என்று எழுதுகின்றன. நமது ஆர்முடுகல் அங்கே முடுக்கம். அந்த நூல்களை இரவல் வாங்கிப் படித்த பிள்ளைகள் குழம்பிப் போவார்கள். டீச்சர் மீன் சந்தைக்குப் போனார். தட்டுத் தராசையும் விற்றராசையும் சந்திரனுக்குக் கொண்டுபோனால் எது பொய் சொல்லும்? தட்டுத் தராசில் ஒரு கிலோ மீன் அங்கேயும் ஒரு கிலோதான், படிக்கல்லும் சேர்ந்து இலேசாகிவிடும் அல்லவா. விற்றராசு ஆறிலொன்றைத்தான் காட்டும். சந்திரனில் மீன் வாங்குவதானால் விற்றராசுக்காரனிடம்தான் என்று நாங்கள் முடிவு செய்தோம்.

ஆனால் அன்றாட உதாரணம் எல்லாம் நல்ல ஆசிரியர் என்று நான் சொல்லமாட்டேன். கைவண்டியைத் தள்ளுவதை நிறுத்தினால் வண்டி நிற்கிறது. ஆகவே ஓடுவதற்கு எப்போதும் விசை வேண்டும் என்றுதான் வாழ்க்கை நமக்குச் சொல்லித் தருகிறது. நியூற்றன் சொன்னது நேர்மாறு. கரம் போட்டில் பவுடர் போடாமலும் போட்டும் ஒரே அளவில் சுண்டிப் பார்த்த பிறகுதான், காயை நிறுத்தியது உராய்வு என்று பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள்.

இனி முட்டை. நன்னீரில் தாழும் முட்டை உப்புநீரில் மிதக்கும் என்று படித்திருந்தோம். கடற்கரையோரம் இருந்த ஒருத்தி மறுநாள் போத்தலில் கடல்தண்ணீரே கொண்டு வந்துவிட்டாள். முட்டை தாழ்ந்தது. வகுப்பே ஏமாந்து போனது. டீச்சர் சமாளிக்கவில்லை. கடல்நீர் நன்னீரிலும் நூற்றுக்கு இரண்டரைப் பங்குதான் அடர்த்தி கூடியது, புது முட்டை அதைவிடக் கூடியது என்று சொல்லி, கரண்டி கரண்டியாக உப்பைக் கரைத்தார். முட்டை மெல்ல எழும்பியபோது மேலுதைப்பு என்ற சொல் எங்களுக்குச் சொந்தமாயிற்று.

அந்த இரண்டரைப் பங்கு எவ்வளவு பெரியது என்பது 2005இல்தான் விளங்கியது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தோம். நம்மவர்களின் பெயர்கள் இம்மலரில் தனியாக உள்ளன. உயிர் தப்பியோருக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை, கரையோரக் கிணறுகள் எல்லாம் உப்பு. பம்பு வைத்து அடியோடு இறைத்தார்கள். ஊறியது மீண்டும் உப்பு. மீண்டும் இறைத்தார்கள். இன்னும் உப்பு.

பாடசாலை திரும்பத் தொடங்கியபோது நான் ஒன்பதாம் தரத்துக்கு ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்துப் போனேன். நீல மை கலந்த உப்புநீரை அடியில் ஊற்றி, கரண்டியின் முதுகு வழியே நன்னீரை மெல்ல மேலே விட்டால் இரண்டும் கலக்காமல் நிற்கும். நமது மணலுக்குள் இருப்பதும் இதுதான்: மழைநீர் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. ஒல்லாந்தில் கைபனும், 1901இல் ஜேர்மனியில் ஹேர்ஸ்பேர்க்கும் இதைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் இருந்தால், கீழே சுமார் 40 அடி. ஆகவே மேலே ஓர் அடி குறைந்தால் நாளடைவில் கீழே உப்பு 40 அடி ஏறலாம். எல்லாம் அந்த இரண்டரைப் பங்கு வித்தியாசத்தின் வேலை. பிள்ளைகள் ஸ்ட்ரோவை நன்னீருக்குள் வைத்து மெதுவாக உறிஞ்சினார்கள், தெளிந்த நீர் வந்தது. வேகமாக உறிஞ்சினார்கள், நீலம் கூம்பு போல எழும்பி ஸ்ட்ரோவுக்குள் ஏறியது.

ஒருத்தி வீட்டுக்குப் போய் "வாப்பா, பம்பை நிப்பாட்டுங்க" என்றிருக்கிறாள். பெண்பிள்ளை சொல்வதை யார் கேட்பது? அன்றிரவு தம்ளரையும் ஸ்ட்ரோவையும் வாப்பாவின் முன்னால் வைத்தாள். மறுநாள் பம்பு நின்றது. வாளியால் கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் அள்ளினார்கள். அந்தக் கிணற்றைக் கழுவியது மாரி மழைதான், தம்ளர் அல்ல. ஆனால் மழை வேலை செய்ய விட்டுக்கொடுத்தவள் அவள்.

2007இல் புதிய கலைத்திட்டம் வந்தது. ஈடுபடல், கண்டறிதல், விளக்கல் என்று ஐந்து படிகளில் செயற்பாடு செய்விக்கும்படி ஆசிரியர் வழிகாட்டி சொன்னது. கூடைக்கு அரசாங்க அங்கீகாரம் கிடைத்ததுபோல் இருந்தது எனக்கு. எனினும் உயர்தரப் பௌதிகவியலில் செய்முறைப் பரீட்சை இல்லை; செய்முறையை அமைப்புக் கட்டுரை வினாவில் பேனையால் எழுதிக் காட்டினால் போதும். ஆகவே வேணியர் இடுக்கிமானியைத் தொடாமலே அதன் வாசிப்பைச் சரியாக எழுதும் பிள்ளைகளை நானும் உருவாக்கியிருக்கிறேன். பாடத்திட்டத்தை முடிக்க அலுமாரியைப் பூட்டி வைத்த வருடங்கள் எனக்கும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்த வரலாற்றை முடிப்பது சரியல்ல.

போன வருடம் வெளிநாட்டிலிருந்து ஒரு பழைய மாணவி அழைத்தாள். மகனுக்கு முட்டையை மிதக்க வைத்துக் காட்ட வேண்டுமாம். "ஒரு தம்ளருக்கு எத்தனை கரண்டி உப்பு, டீச்சர்?" என்றாள்.

"மூன்று மேசைக்கரண்டி எடுத்து வை. ஆனா முதல்ல அவனைக் கடற்கரைக்குக் கூட்டிப் போய், ஒரு போத்தல் தண்ணி எடுத்து வா" என்றேன்.