பெட்டியை உள்ளேயிருந்து அளக்கணும்

இன்னைக்குக் கதை, நான் செஞ்ச ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்குது.

போன வருஷம் திண்டுக்கல்ல ஒரு ஆசாரி அண்ணன்கிட்ட தேனீப் பெட்டி செய்யச் சொன்னேன். நெட்ல பார்த்த வெளி அளவை எழுதிக் கொடுத்தேன். மரத்துக்கு, வீட்ல கிடந்த பழைய தேக்குக் கதவு. வழக்கமா இந்தப் பெட்டிக்குப் பலகை சுமார் 22 மி.மீ தடிமன், என் கதவு 30. வெளி அளவு கச்சிதமா வந்துச்சு. ஆனா உள்ளே 16 மி.மீ காணாமப் போச்சு. அடை கட்டுற சட்டங்கள் சுவரை ஒட்டி உட்கார்ந்துச்சு. கொஞ்ச நாள்ல தேனீக்கள் பெட்டியைக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு.

ஏன்னு தேடினா, 1851-ல் அமெரிக்காவுக்குப் போயிட்டேன். லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் அந்த வருஷம் ஒண்ணைப் பிடிச்சாரு. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவுல 6 முதல் 9 மி.மீ வரை இடம் விட்டா, தேனீ அதை நடைபாதையா வச்சுக்கும். அகலம் கூடினா அங்கேயும் அடை கட்டிடும். குறைஞ்சா உள்ளே நுழையவே முடியாது. இந்த இடைவெளி இருந்ததால, கூட்டை உடைக்காம சட்டத்தை மட்டும் உருவித் தேன் எடுக்க முடிஞ்சது. அதுவரைக்கும் பெரும்பாலும் அடையைப் பிய்த்து, புழுவோட சேர்த்துப் பிழியுறதுதான் வழக்கம்.

ஆனா அவர் பெட்டி ஐரோப்பியத் தேனீக்கானது. சட்டமே சுமார் 45 செ.மீ நீளம். நம்ம ஊர் மரப்பொந்துல வாழுற இந்தியத் தேனீ உருவத்துல சின்னது, கூட்டமும் சின்னது. அதுக்கு அது அரண்மனை. தென்னிந்தியாவில் 1911-17 காலத்தில் நியூட்டன் என்ற இன்னொரு பாதிரியார், நம்ம தேனீக்கு ஏத்த சின்னப் பெட்டியை வடிவமைச்சு மக்களுக்குப் பயிற்சி கொடுத்தாரு. சட்டத்தோட உள் நீளம் சுமார் 20 செ.மீ, உயரம் 14 செ.மீ. இன்னைக்கும் அதுக்கு 'நியூட்டன் பெட்டி'ன்னுதான் பேரு.

அப்போ மரம்? தேக்கோ சந்தன வேம்போ, நல்லா காய்ஞ்சிருக்கணும், நெடி அடிக்கக் கூடாது. பச்சை மரம் பின்னாடி சுருங்கும், வளையும். அந்தச் சில மில்லிமீட்டரும் போயிடும். மரத்தோட முக்கிய வேலையே அந்த இடைவெளியைக் காப்பாத்துறதுதான்.

இந்தத் தடவை அளவு எழுதிக் கொடுக்கல. ஒரு சட்டத்தையே கையில கொடுத்து, "இதைச் சுத்திக் கட்டுங்கண்ணே"ன்னேன்.

அவர் சிரிச்சாரு. "உள்ள இருக்கறதுக்குத்தான் பெட்டின்னு முதல்லயே சொல்லியிருக்கலாம்ல தம்பி!"