உதகையில் பதிவான காந்தக் கவச ‘விரிசல்’

2015 ஜூன் 22-ஆம் தேதி, உதகையில் உள்ள கிரேப்ஸ்-3 மியூவான் தொலைநோக்கியில் காஸ்மிக் கதிர்களின் வரத்து திடீரென உயர்ந்து, 2 மணி நேரம் நீடித்தது. சூரியனிலிருந்து மணிக்குச் சுமார் 25 லட்சம் கி.மீ. வேகத்தில் வந்த பிளாஸ்மா மேகம் பூமியின் காந்த மண்டலத்தைத் தாக்கியிருந்தது.

மேகத்தின் காந்தப் புலம் தெற்கு நோக்கியும், எல்லையில் பூமியின் புலம் வடக்கு நோக்கியும் இருந்தால், இரண்டின் விசைக்கோடுகளும் அறுந்து ஒன்றோடொன்று பிணைகின்றன. இதுவே காந்த மறுஇணைப்பு. அதனால் பூமியின் காந்தக் கவசம் தற்காலிகமாக வலுவிழந்ததாக டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் 2016-இல் விளக்கினர். ‘விரிசல்’ எனப் பேசப்பட்டாலும், கவசம் உடைந்துவிடவில்லை.

உதகை ஆய்வு தரையிலிருந்து கணித்தது. நாசாவின் எம்எம்எஸ் விண்கலங்கள் நான்கும், 2015 அக்டோபர் 16-ஆம் தேதி, காந்த மண்டல எல்லையில் மறுஇணைப்பு நிகழும் இடத்தையே கடந்து, எலெக்ட்ரான்களின் இயக்கத்தை நேரடியாக அளந்தன.