கையில ஒரு டைபன், ரோட்டுல ஒரு லிஃப்ட்

எங்க டீம்ல இருக்கிற அமெரிக்கர் ஒருத்தர் போன மாசம் வீடு மாத்தினார். எட்டு மணி நேர கார் பயணம். சோபா, கட்டில் எல்லாம் லாரியில வரும், பாம்பு மட்டும் என்கூட கார்ல வரும்னு கான்ஃபரன்ஸ் கால்ல சாதாரணமா சொன்னார். எங்க பக்கம் ரெண்டு நிமிஷம் மயான அமைதி :-). அவர் வளர்க்கிறது கார்ன் ஸ்நேக், விஷமில்லாத சாது. எப்படிக் கொண்டு போவீங்கன்னு கேட்டேன். ரொம்ப சுலபம்னார். கிளம்பறதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடியே சாப்பாட்டை நிறுத்திடணும். இல்லேன்னா வண்டி ஆட்டத்துல முழுங்கின எலியைக் கக்கிடும். தலையணை உறையை உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி திருப்பி (உள்ள நூல் பிசிறு இருந்தா செதில்ல சிக்கும்), பாம்பை விட்டு, வாயை முறுக்கி முடிச்சு போடணும். அந்தப் பையை காத்துப் போக ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள வெச்சு, மூடியைப் பூட்டி, சீட் பெல்ட் மாட்டிடணும். வழியில டீ குடிக்க இறங்கினாலும் வெயில்ல நிறுத்தின காருக்குள்ள பாம்பை விட்டுட்டுப் போகக் கூடாது.

பைக்குள்ள பெட்டி இல்ல, பெட்டிக்குள்ள பை. இந்தச் சின்ன விஷயம் எங்கேயிருந்து வந்ததுன்னு நோண்ட ஆரம்பிச்சு, கடைசியில 1950ல, ஆஸ்திரேலியாவுல போய் நின்னேன்.

அந்த நாட்டோட வடக்கு, வடகிழக்குப் பக்கம் இருக்கிற பாம்பு டைபன். 1867லயே வில்ஹெல்ம் பீட்டர்ஸ்ங்கிற ஜெர்மன்காரர் இதுக்கு ஒரு அறிவியல் பேர் வெச்சுட்டார். டைபன்கிற பேரு, கேப் யார்க் பக்கத்துப் பழங்குடி மக்களோட மொழியில இருந்து டொனால்ட் தாம்சன் எடுத்துக் கொடுத்தது. நரம்பையும் தாக்கும், ரத்தம் உறையறதையும் குழப்பும். கடிபட்டவங்க பிழைக்கிறது அபூர்வம். டைகர் ஸ்நேக்குக்கு 1930லயே மருந்து வந்தாச்சு. டைபனுக்கு இல்ல. காரணம் ரொம்ப எளிமையானது: மருந்து பண்ண விஷம் வேணும், விஷம் எடுக்க உயிரோட பாம்பு வேணும். அதை உயிரோட பிடிச்சு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே இருக்கிற மெல்பர்ன் ஆய்வகத்துல கொண்டு சேர்க்க ஆள் இல்ல.

கெவின் பட்டன் சிட்னிக்காரர், வயசு 20. பாம்புன்னா உசிரு. அதுல பட்டம் கிட்டம் எல்லாம் கிடையாது, நம்மள மாதிரி பொழுதுபோக்கா ஆரம்பிச்சவர்தான். டைபன் பிடிக்கணும்னே குயின்ஸ்லாந்து போனார். 1950 ஜூலை 27ம் தேதி, கெய்ர்ன்ஸ் நகரத்துல எட்ஜ் ஹில் பகுதியில ஒரு டைபன் கண்ணுல பட்டுச்சு. எலி ஒண்ணைத் தின்னுட்டு இருந்ததாம். மிதிச்சு, கழுத்தைப் பிடிச்சுட்டார். பிடிச்சது சரி, பையில போடணுமே? பாம்போ கையைச் சுத்தி இறுக்கிக்கிச்சு. தனி ஆள். ஒரு கை பாம்போட கழுத்துல, மிச்சம் ஒரே ஒரு கை. அதை வெச்சுப் பையை விரிச்சு, பாம்பைப் பிரிச்சு உள்ள விட முடியல.

அதனால என்ன பண்ணார் தெரியுமா? அப்படியே நடந்து ரோட்டுக்கு வந்து லிஃப்ட் கேட்டார்!

நிறுத்தினவர் ஒரு டிரக் டிரைவர். அந்த மனுஷனை நினைச்சுப் பாருங்க. கையில உயிரோட, உலகத்துலயே மோசமான பாம்புகள்ல ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்க ஒரு சின்னப் பையன் பக்கத்துல ஏறி உக்கார்றான். நம்மூர்ல ஷேர் ஆட்டோவுல கோழியைக் கொண்டு வந்தாலே முகத்தைச் சுளிக்கிறோம். இவர் ஏத்திக்கிட்டு, ஸ்டீபன்ஸ்ங்கிற உள்ளூர் பாம்பு நிபுணர் வீட்டுக்குக் கொண்டு போய் விட்டார். ஸ்டீபன்ஸ் பார்த்துட்டு டைபன்தான்னு உறுதி பண்ணினார்.

வழியில ஒண்ணும் ஆகல, கவனிங்க. பள்ளம் மேடு, பிரேக் எல்லாத்தையும் தாண்டி வந்தாச்சு. பையில போடும்போதுதான் பிடி தளர்ந்துச்சு. பாம்பு கட்டை விரல்ல கடிச்சுடுச்சு. எங்க பொழப்புல டேட்டா மைக்ரேஷன் பண்ணும்போது இதே கதைதான். பழைய சர்வர்லயும் பத்திரமா இருக்கும், புது சர்வர்லயும் பத்திரமா இருக்கும், மாத்துற அந்த நிமிஷத்துல ஊத்திக்கும். என்ன, எங்களுக்கு பேக்கப் உண்டு.

பட்டனுக்கு அந்த வசதி இல்ல. ஆஸ்பத்திரியில டைகர் ஸ்நேக் மருந்தைப் போட்டுப் பார்த்தாங்க. டைபனோட நரம்பு விஷத்தை அது தடுக்கல. மறுநாள், ஜூலை 28, இறந்து போனார். ஆனா கடிபட்டதுக்கு அப்புறமும் அவர் பிடிவாதமா நின்னது ஒரே விஷயத்துல: பாம்பைக் கொல்லக் கூடாது, ஆராய்ச்சிக்கு அனுப்பணும். அவர் இடத்துல யாரா இருந்தாலும் முதல்ல கேக்கிறது ஒரு கட்டையாத்தான் இருக்கும்.

அனுப்பினாங்க. கெய்ர்ன்ஸ்ல இருந்து மெல்பர்ன் நேர்கோட்டுல சுமார் 2,300 கி.மீ. கன்னியாகுமரியில இருந்து டெல்லி போற தூரம்னு வெச்சுக்கங்க. ஜூலை மாசம் அங்க குளிர்காலம். வெப்பமான ஊர்ப் பாம்பு, உடம்புச் சூட்டைத் தானா உண்டாக்கிக்க முடியாத பிராணி, மெல்பர்ன் குளிருக்குப் போகுது. பாம்பு உயிரோட போய்ச் சேர்ந்தது. விலங்கியல் நிபுணர் டேவிட் ஃப்ளே அதுகிட்ட இருந்து விஷம் எடுத்தார். காமன்வெல்த் சீரம் ஆய்வகத்துல வேலை ஆரம்பிச்சது. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமா விஷத்தை ஏத்தி, அதோட ரத்தத்துல உண்டாகிற எதிர்ப்புப் பொருளைப் பிரிச்செடுக்கிறதுதான் முறை. இதுக்கு ஒரு பாம்போட விஷம் எந்த மூலைக்கு? திரும்பத் திரும்ப விஷம் வேணும். அப்படிக் கொடுத்தவங்கள்ல ஒருத்தர் மக்காய் ஊர்ல பாம்புக் காட்சி நடத்தின ராம் சந்திரா. இயற்பெயர் எட்வர்ட் ராய்ஸ் ராம்சாமி. (இவரைப் பத்தித் தனியா ஒரு பதிவே போடலாம்.)

1955ல மருந்து தயார். அதே வருஷம் கெய்ர்ன்ஸ்ல டைபன் கடிச்ச ஒரு 10 வயசுப் பையன் அந்த மருந்தால பிழைச்சான். பட்டன் செத்த அதே ஊர். நடுவுல அஞ்சு வருஷம்தான். 1950ல எடுத்த அந்த விஷத்துல கொஞ்சத்தை உலர்த்தி வெச்சிருந்தாங்க. பல பத்தாண்டுகள் கழிச்சு சோதிச்சப்பவும் அதோட வீரியம் குறையலையாம்.

உள்ள போடும்போது ஒருத்தர் போனார்னா, பைக்குள்ள கையை விட்டு இன்னொருத்தர் போனார். ஜோசப் ஸ்லோவின்ஸ்கி, கலிபோர்னியா அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பாம்பு ஆராய்ச்சியாளர், 38 வயசு. பர்மாவோட வடக்குக் காட்டுல இருந்தப்போ உதவியாளர் ஒரு பையை நீட்டினார். விஷமில்லாத பாம்புன்னு நினைச்சாங்க. ஸ்லோவின்ஸ்கி உள்ள கையை விட்டார். இருந்தது ஒரு சின்னக் கட்டுவிரியன் வகை. தேதி 2001 செப்டம்பர் 11. உலகமே வேற எங்கேயோ பார்த்துக்கிட்டு இருந்த நாள். மறுநாள் உயிர் போயிடுச்சு. இன்னைக்கு பாம்பு அனுப்புற பையில இனம் பேரு, விஷம் உண்டா இல்லையான்னு எழுதி ஒட்டுறாங்க. அதை வெறும் ஆபீஸ் சம்பிரதாயம்னு என்னால நினைக்க முடியல.

நம்மூர்ல நாட்டுப் பாம்பை வீட்டுல வளர்க்கிறது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதனால "நானும் ஒரு சாரைப்பாம்பு வளர்க்கலாமா"ன்னு யாரும் கேக்காதீங்க மக்கா. ஆனா சட்டப்படி பாம்பு பிடிச்சுக் கொண்டு வர்ற ஒரு கூட்டம் சென்னைக்குப் பக்கத்துலயே இருக்கு. வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், 1978ல ஆரம்பிச்சது. ஒரு காலத்துல தோலுக்காகப் பாம்பு பிடிச்சவங்க, அந்த வியாபாரம் தடையானதும் விஷத்துக்காகப் பிடிக்க ஆரம்பிச்சாங்க. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் இந்த நாலுதான். வயல்ல பிடிச்சு துணிப்பையில கட்டி எடுத்துட்டு வருவாங்க. சங்கத்துல மண்பானைக்குள்ள விட்டு, வாயைப் பருத்தித் துணியால மூடிக் கயிறு கட்டிடுவாங்க. பானை உள்ள குளிர்ச்சி, துணி வழியா காத்து. நம்ம அமெரிக்கரோட பிளாஸ்டிக் பெட்டி செய்யற அதே வேலையைக் குயவர் செஞ்ச பானை செய்யுது. சுமார் மூணு வாரத்துல நாலு தடவை விஷம் எடுத்துட்டு, அடிவயித்துச் செதில்ல ஒரு அடையாளம் வெட்டிக் காட்டுல விட்டுடுவாங்க. அடையாளம் இருக்கிற பாம்பு திரும்ப மாட்டினா, அங்கேயே விட்டுட்டு வந்துடணும்.