பேசும்படமும் பேசாத பெண்ணும்

தமிழில் முதற் பேசும்படமாகிய "காளிதாஸ்" 1931-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்பின் சில ஆண்டுகள் வரையில் நம்மவர் திரையிற் கண்டவை பெரும்பாலும் புராணக் கதைகளே. கேட்டவை பெரும்பாலும் பாட்டுகளே. படத்திற்குப் பேசும் ஆற்றல் வந்துவிட்டது. ஆயினும் நாட்டிலே நடமாடும் மனிதர் தம் குறையைத் தம் வாயால் எடுத்துரைக்கும் காட்சி அதில் அரிதாகவே இருந்தது. அக்குறை எவ்வாறு நீங்கிற்று, எவர் அளவில் நீங்கிற்று என்று ஆராய்வது வீண் பொழுதுபோக்கன்று. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய படங்களைக் கண்டு, வழக்குரைக்கவும் வாதிடவும் கற்றுக்கொண்ட ஒரு சமூகத்தின் வரலாறு அதனுள் அடங்கியிருக்கிறது.

அண்மையில் மூன்று பழைய நாடகப் படங்களை அடுத்தடுத்துப் பார்த்தேன். "தியாக பூமி" 1939-லும், "வேலைக்காரி" 1949-லும், "பராசக்தி" 1952-லும் வெளிவந்தவை. கொள்கையால் வேறுபட்டவர்கள் ஆக்கிய படங்களாயினும் மூன்றும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. மூன்றிலும் கதை முதிர்ந்து நியாயஸ்தலத்திற்கு வந்து சேர்கிறது. இது தமிழருக்குப் புதிதன்று. கையிற் சிலம்புடன் பாண்டியன் அவையேறி, சான்று காட்டி வழக்கை வென்ற கண்ணகியே நம் இலக்கியம் கண்ட தலைசிறந்த வழக்காளி. அவளுக்காக வேறொருவர் பேசவில்லை. அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு இம்மூன்று படங்களையும் அளந்து பார்ப்போம்.

"தியாக பூமி"யை இயக்கியவர் கே. சுப்பிரமணியம். கல்கி எழுதிய அக்கதை "ஆனந்த விகடன்" இதழில் தொடராக வந்தபொழுது, படத்திலிருந்து எடுத்த காட்சிகளே அதற்குச் சித்திரங்களாக அமைந்தன. புயலில் வீடிழந்த தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தம் வீட்டில் இடங்கொடுத்து, அதனால் சாதியாரின் விலக்குக்கு ஆளாகும் சம்பு சாஸ்திரியாக பாபநாசம் சிவன் நடித்தார். அவர் மகள் சாவித்திரி கணவனால் கைவிடப்பட்டவள். எஸ். டி. சுப்புலட்சுமி அப்பாத்திரத்தை ஏற்றார். பின்னர் அவளுக்குப் பெருஞ்செல்வம் வந்து வாய்க்கிறது. அப்பொழுதுதான் கணவனுக்கு மனைவி இருப்பது நினைவிற்கு வருகிறது. தன்னோடு வாழ வரவேண்டுமென்று வழக்குத் தொடுக்கிறான். அவள் கோர்ட்டில் நின்று மறுக்கிறாள். வேண்டுமானால் கணவனுக்குத் தான் ஜீவனாம்சம் தருவதாகவும் சொல்கிறாள்! கணவனிடம் மனைவி ஜீவனாம்சம் கேட்பதையே நாணத்திற்குரியதாக எண்ணிய ஒரு காலத்தில் இவ்வசனம் எழுந்தது என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். தேசிய இயக்கத்திற்கு ஆக்கம் தந்த அப்படத்தைப் பின்னர் பிரிட்டிஷ் அரசாங்கம் தடை செய்தது.

இதனை வெறுங் கற்பனையென்று தள்ளிவிட இயலாது. படத்திற்கு அரை நூற்றாண்டு முன்னரே பம்பாயில் உண்மையான சாவித்திரி ஒருத்தி இருந்தாள். ருக்மாபாய் என்பது அவள் பெயர். பதினொரு வயதில் மணமுடிக்கப்பட்ட அவள், வளர்ந்தபின் கணவனோடு வாழ மறுத்தாள். 1884-ல் கணவன் வழக்குத் தொடுத்தான். 1885-ல் நீதிபதி பின்ஹே அவள் பக்கம் தீர்ப்பளித்தார். மேல் விசாரணைக்குப் பின் 1887-ல், கணவன் வீடு செல்க, இன்றேல் ஆறு மாதம் சிறை செல்க என்று ஆணை பிறந்தது. சிறைக்கே செல்வேன் என்றாள் அவ்வீரமங்கை. முடிவில் 1888-ல் கணவன் 2,000 ரூபாய் பெற்றுக்கொண்டு விலகினான். அவள் இலண்டன் சென்று மருத்துவம் கற்றுத் திரும்பினாள். ஆயினும் அச்சட்டம் எளிதில் சாகவில்லை. இந்தியாவில் 1955-ல் இயற்றிய இந்து விவாகச் சட்டம் மணவிலக்கிற்கு வழி திறந்தது. அதே சட்டம் தன் 9-ஆம் பிரிவில் பழைய வழக்கிற்கும் இடம் வைத்தது.

இனி "வேலைக்காரி"க்கு வருவோம். அறிஞர் அண்ணாதுரை எழுத, ஏ. எஸ். ஏ. சாமி இயக்கிய படம் அது. கடன் கொடுத்த செல்வரின் கொடுமையால் தந்தை தூக்கிட்டு மாண்டதைக் கண்ட ஆனந்தன், காளியின் சந்நிதியில் நின்று குமுறுகிறான். கே. ஆர். ராமசாமி அக்காட்சியில் காட்டிய ஆவேசம் இன்றும் மெய்சிலிர்க்க வைக்கிறது. பொருளுள்ளவனுக்கொரு நீதி, இல்லாதவனுக்கொரு நீதி என்ற உண்மையை மேடைத் தமிழில் முழங்கிய படம் அது. ஆனால் கோர்ட்டில் வாதிடுபவன் வேடமிட்டு வந்த ஆனந்தனே. படத்தின் பெயரைச் சுமக்கும் வேலைக்காரி அமிர்தத்திற்கு அந்த மன்றத்தில் வாதமில்லை. அவளுக்காக எழுதப்பட்ட கதையில் அவள் பேச்சே குறைவு.

மூன்றாவதாகிய "பராசக்தி" கடல் கடந்த தமிழராகிய நமக்கு மிக நெருங்கியது. அண்ணன்மார் மூவர் ரங்கூனில். தங்கை கல்யாணி மதுரையில். யுத்தம் மூள்கிறது, தங்கையின் மணத்திற்கு ஒருவனே கப்பலேற முடிகிறது. கணவனையும் தந்தையையும் இழந்த கல்யாணி இட்லிக் கடை வைத்துப் பிழைக்கிறாள். போகுமிடமெல்லாம் ஆடவர் தொல்லை, கோயிலிலும் அதுவே. வறுமை தாளாமல் குழந்தையை ஆற்றில் எறிந்து குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறாள். கல்யாணி அங்கே பேசாமலில்லை. ஆனால் அவள் பேசியது எவருக்கு நினைவிருக்கிறது? மக்கள் மனப்பாடம் செய்தது அண்ணன் குணசேகரன் பின்னர் அதே கூண்டில் நின்று பேசியதையே. மு. கருணாநிதியின் வசனமும், முதற் படத்திலேயே சிவாஜி கணேசன் காட்டிய குரலின் ஏற்ற இறக்கமும் சேர்ந்து, நம் கலைநிகழ்ச்சி மேடைகளுக்கெல்லாம் அப்பேச்சே பாடமாயிற்று. துன்பம் தங்கையுடையது, சொல் அண்ணனுடையது.

ஆக, பதின்மூன்று ஆண்டுகளில் திரையின் தமிழ் வளர்ந்தது. வாதம் கூர்மை பெற்றது. கோயிலையும் செல்வரையும் கேள்வி கேட்கும் துணிவு வந்தது. பெண்ணின் குரலோ வளரவில்லை. ஆடவரின் நாவன்மைக்குப் பின்னே ஒதுங்கிற்று. பிந்திய இரு படங்களையும் குறைத்துரைப்பது என் நோக்கமன்று. நம்மிற் பலருக்குத் தலைநிமிர்ந்து பேசக் கற்பித்தவை அவை. எனினும் நமக்கு உகந்த படமென்பதால் அதன் குறையைக் காணாதிருப்பது பகுத்தறிவாகாது.

இதற்குக் காரணமும் படங்களிலேயே கிடைக்கிறது. சாவித்திரி பேசினாள், அவள் கையில் செல்வம் இருந்தது. ருக்மாபாய் மறுத்தாள்; அவளுக்குக் கல்வி இருந்தது. அமிர்தத்திற்கும் கல்யாணிக்கும் இவ்விரண்டும் இல்லை. ஏழைப் பெண்ணுக்காக இரங்கிய ஆசிரியர்கள், அவளுக்கு நாவைக் கொடுப்பதற்கு மாறாக வழக்கறிஞனையும் அண்ணனையும் கொடுத்தனர். நம் தோட்டங்களின் வரலாறும் இதற்குச் சான்று. ரப்பர் விலை வீழ்ந்த 1930-ல் இந்தியத் தொழிலாளரின் நாட்கூலியைக் குறைத்தபொழுது ஆடவருக்கு 40 காசு, பெண்டிருக்கு 32 காசு என்று வகுத்தனர். கூலியில் எட்டுக் காசு குறைத்து மதிக்கப்பட்டவள் சபையில் நிறைகுரலோடு பேசுவாள் என்று எதிர்பார்ப்பது எவ்வாறு?

கிராணி வேலை பார்ப்பவன் பிறர் குறைகளை மனுவாக எழுதிக் கொடுப்பவன். ஒரு பெண்ணின் மனுவை அவள் கணவனோ தமையனோ சொல்ல, அவள் நிலைப்படிக்கு வெளியே நிற்பதை அடிக்கடி கண்டிருக்கிறேன். அவளை உள்ளே அழைத்து, "நீயே சொல், அம்மா" என்றால், முதலில் தயங்குகிறாள், பிறகு சொல்கிறாள். தமையன் சொன்னதும் அவள் சொல்வதும் பல வேளைகளில் ஒன்றாக இருப்பதில்லை. ஆண்டு விழாவிற்கு நாடகம் எழுதும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே: குணசேகரனின் பேச்சை நூறு முறை ஒப்பித்தாயிற்று, இனிக் கல்யாணிக்கு ஒரு பேச்சு எழுதுங்கள். அதைப் பேசுவதற்கு நம் பள்ளிகளிற் படித்த பெண்கள் இருக்கிறார்கள்.