ஒரு வெட்டு இடம் மாறிய கதை

கத்தாரில் தொழில் செய்யும் எமது பழைய மாணவர் ஒருவர் பாடசாலைக் கணினிகளுக்கென்று நான்கு ரேம் அனுப்பியிருந்தார். பிள்ளைகளுக்குச் சரியான சந்தோசம். கணினியைத் திறந்து பொருத்தப் போனால் ஒன்றும் உட்காரவில்லை. ரேமின் அடி விளிம்பிலுள்ள சிறு வெட்டு ஓரிடத்தில், ஸ்லொட்டின் உள்ளேயுள்ள மேடு வேறிடத்தில்.

"கொஞ்சம் அமத்திப் பார்ப்பமா சேர்?" என்றான் ஒருவன். நல்ல வேளை, விடவில்லை. வந்தவை டி.டி.ஆர். 4, எமது கணினிகளுக்கு வேண்டியது டி.டி.ஆர். 3. "8 ஜிபி ரேம்" என்று மட்டும் சொல்லிவிட்டது நாம்தான். அவர் மீது ஒரு பிழையும் இல்லை.

அந்த வெட்டு ஏன் இடம் மாறுகிறது என்று பிள்ளைகள் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறோம்.

1981இல் ஐ.பி.எம். தனது பெர்சனல் கம்பியூட்டரை வெளியிட்டபோது ரேம் என்று தனி அட்டை இருக்கவில்லை. நினைவக சிப்களை ஒவ்வொன்றாகத் தாய்ப்பலகையில் குத்த வேண்டும். ஒரு வரிசைக்கு ஒன்பது: எட்டு தரவுக்கு, ஒன்பதாவது பிழை பிடிக்க. கணினி சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சிப்கள் சொக்கட்டிலிருந்து மெல்ல மெல்ல மேலே எழும்பிவிடும். பெருவிரலால் அமத்தினால் கணினி பிழைத்துக்கொள்ளும்.

1983இல் அமெரிக்காவின் வாங் லெபோரட்டரீஸில் ஜேம்ஸ் கிளேட்டன் என்பவர் அந்த ஒன்பது சிப்களையும் ஒரு சிறு அட்டையில் ஏற்றினார். அதுதான் சிம். போனுக்குள் போடும் சிம் அல்ல! 30 தொடுமுனை கொண்ட சிம் ஒரு தடவைக்கு 8 பிட்தான் கொடுக்கும். 486 கணினிக்கு 32 பிட் தேவை, ஆகவே ஒரே மாதிரி நான்கு போட வேண்டும். பிறகு வந்த 72 தொடுமுனை சிம் 32 பிட் கொடுத்தது. ஆனால் 1993இல் வந்த பென்டியத்தின் பாதை 64 பிட், அதற்கு இரண்டு சோடியாக வேண்டும். 168 தொடுமுனை டிம் வந்த பிறகுதான் ஒன்றே போதும் என்றானது.

சிக்கல் அங்கேதான் ஆரம்பம். அன்றிலிருந்து இன்றுவரை டெஸ்க்டொப் ரேமின் நீளம் ஏறத்தாழ 133 மில்லிமீற்றர்தான். பார்வைக்கு எல்லாம் ஒன்று. உள்ளே போகும் மின்சாரம் வேறு. எஸ்.டி.ரேமுக்கு 3.3 வோல்ட். 2000இல் தரநிலை வெளியான டி.டி.ஆருக்கு 2.5. அடுத்து 1.8. 2007இல் டி.டி.ஆர். 3க்கு 1.5, 2012இல் டி.டி.ஆர். 4க்கு 1.2. 2020இல் டி.டி.ஆர். 5க்கு 1.1. வோல்ட் குறைந்தால் சூடும் மின்செலவும் குறையும். ஆனால் 1.2க்குச் செய்த சிப்பை 1.5 கொடுக்கும் ஸ்லொட்டில் போட்டால் என்னவாகும்? போடவே முடியாதபடி, தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பு வெட்டை இடம் மாற்றியது. தொடுமுனையை எண்ணிப் பார்த்தும் பயனில்லை. டி.டி.ஆர். 2, 3 இரண்டுக்கும் 240. 4, 5 இரண்டுக்கும் 288. எழுத்து வாசிக்கத் தெரியாதவரையும் தடுத்து நிறுத்துகிறது அந்த வெட்டு. எமக்கு இதில் மிகவும் பிடித்த விடயம் அதுதான்.

இடையில் இன்டெல் ராம்பஸ் என்ற வேறு வகை ரேமைத் தள்ளிப் பார்த்தது. காலி ஸ்லொட்டிலும் வெற்று அட்டை செருக வேண்டும், விலையோ நெருப்பு. சனம் வாங்கவில்லை. கடைசியில் இன்டெலும் டி.டி.ஆருக்கே வந்தது.

ஸ்டிக்கரில் பி.சி.3-12800 என்றிருந்தால் பயப்பட வேண்டாம். பி.சி.3 என்றால் டி.டி.ஆர். 3. 12800 என்பது ஒரு செக்கனுக்கு எத்தனை மெகாபைட் என்பது. 64 பிட் என்றால் 8 பைட், எனவே எட்டால் வகுத்தால் 1600. கடைக்காரர் "1600 பஸ்" என்று சொல்வதும் இதைத்தான்.

எமது கணினிகளுக்கு வேண்டியது அதுதான்: பி.சி.3-12800, 1.5 வோல்ட், நீளமான டெஸ்க்டொப் வகை. லெப்டொப்பின் கட்டை ரேம் சரிவராது. வந்த நான்கும் பக்கற்றோடு அலுமாரியில் பத்திரமாக இருக்கின்றன. மாற்றிக்கொள்ளக்கூடியவர்கள் யாராவது இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். அடுத்த தவணைக்கு முன் பொருத்திவிடலாம்.