தறி ஊரில் மாரடைப்பின் நேரம்

சங்கரன்கோவிலில் ஒரு காலத்தில் பொழுதைக் கோயிலும் தறியும்தான் சொல்லின. சங்கரநாராயணர் சன்னதியின் அதிகாலைப் பூசை நாளைத் தொடங்கிவைக்கும். பள்ளியறை பூசை முடித்துவைக்கும். கைத்தறிக்காரர்கள் வெயில் ஏறுமுன் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டார்கள். பிறகு வெளிச்சம் இருக்கும்வரை குழித்தறியில் நெய்தார்கள். விசைத்தறி வந்ததும் இந்த ஒழுங்கு மாறியது. இரவு ஷிப்டு வந்தது. 2008-க்குப் பிந்தைய மின்வெட்டு ஆண்டுகளில் கரண்ட் இருக்கும் நேரமே வேலை நேரம் ஆனது. மாரடைப்பு காலை வேளையில் அதிகம் வருகிறது என்ற மருத்துவ உண்மையை இந்த மாற்றத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஆபத்தைக் கூட்டுவது கடிகாரத்தின் மணி மட்டுமல்ல. உடம்பு எழும் வேளையும்தான்.

மாரடைப்புக்கு நேரம் காலம் கிடையாது என்றே மருத்துவர்கள் நெடுங்காலம் கருதிவந்தார்கள். 1985-இல் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் முல்லரும் உடன் ஆய்ந்தவர்களும் 2,999 நோயாளிகளுக்கு வலி தொடங்கிய நேரத்தைத் தொகுத்தபோது, காலை 6 மணிக்கும் நண்பகலுக்கும் இடையில்தான் அது குவிந்திருந்தது. தூக்கத்தில் வந்த வலியை விழித்தபின் உணர்ந்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இதயத் தசை சிதையும்போது ரத்தத்தில் சி.கே.எம்.பி. என்ற நொதி கலக்கிறது. அது முதலில் உயர்ந்த நேரத்தை வைத்து 703 பேருக்குத் தனியே கணக்கிட்டார்கள். அப்போதும் உச்சம் காலை 9 மணி. மிகக் குறைவு இரவு 11 மணி. இரண்டுக்கும் மூன்று மடங்கு வித்தியாசம். முன்பே பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிட்டு வந்தவர்களிடம் இந்த ஏற்றம் தென்படவில்லை. அட்ரினலினின் வேகத்தைத் தணிக்கும் மாத்திரை அது என்பதால், காரணம் எங்கே இருக்கிறது என்பதற்கும் தடயம் கிடைத்தது.

எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தமும் அட்ரினலினும் ஏறுகின்றன. ரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. விழித்தும் படுத்தே இருப்பவர்களிடம் தட்டணுக்களின் இந்த மாற்றம் காணப்படவில்லை. அப்படியானால் இரவெல்லாம் தறி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குபவர் தப்பிவிடுவாரா? இல்லை. அவர் எழும் நேரம் மாறினாலும் உடம்பின் உள்கடிகாரம் முழுதாக இடம் மாறுவதில்லை. ஷிப்டு வேலை பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளியான அலசல், அந்தத் தொழிலாளர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு சுமார் 23 சதவீதம் அதிகம் என்றது. இது பீடியும் வறுமையும் செய்யும் வேலை என்று சொல்பவர்கள் உண்டு. அவற்றுக்கும் பங்குண்டு, ஆனால் புகைப்பழக்கத்தையும் வருமானத்தையும் கழித்துப் பார்த்த ஆய்வுகளிலும் முடிவு பெரிதாக மாறவில்லை.

இதற்காக விடியலைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஒரு தனி மனிதருக்கு ஒரு காலையில் உள்ள ஆபத்து மிகச் சிறியது; நடைப்பயிற்சியால் வரும் நன்மை அதைவிடப் பெரியது. பிரஷர் மாத்திரையை விடாமல் சாப்பிடுவதும் இரவு ஷிப்டுக்காரர்களுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை செய்வதும்தான் செய்ய வேண்டியவை. சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 50 கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தூரத்தை மனதில் கொண்டால், 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் அருமை தெரியும்: ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். ஆகவே, நெஞ்சை அழுத்தி வலித்தால் விடியலா நடுராத்திரியா என்று பார்க்காதீர்கள். வாயு என்று சோடா குடித்துக் காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.